சர்வ்லெட் பாதை பிடிக்கவில்லையா? அறிகுறியிலிருந்து பிழையைத் தேடும் வழி

சர்வ்லெட் என்பது ஒரு வலை முகவரிக்கு வரும் கோரிக்கையை வாங்கிப் பதில் தரும் ஜாவா வகுப்பு. இந்தக் குறிப்பு டாம்கேட் என்ற ஜாவா வலைச் சர்வரின் 9, 10.1 பதிப்புகளில் ஓடும் செயலிகளுக்கானது. ஜெட்டி என்ற இன்னொரு ஜாவா சர்வரிலும் பாதை விதிகள் இவையே. பிழைச் செய்தியின் வாசகம் மட்டும் வேறாக இருக்கும். எடுத்துக்காட்டுக்கு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடை ஒன்றின் ஆர்டர் செயலியை வைத்துக்கொள்வோம். செயலி முழுவதையும் ஒன்றாகக் கட்டிய பொதியான வார் கோப்பின் பெயர் ‘கடை’. உள்ளே /ஆர்டர், /பாயாரான் (மலாயில் கட்டணம்), /பொருள்/* என்று மூன்று பாதைகள். நம் ஊர்ச் செயலிகளில் மலாய்ப் பாதைப் பெயரும் ஆங்கிலப் பெயரும் கலந்துதான் கிடக்கும். இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறோம். உங்கள் கோப்பில் இருக்கும் எழுத்தை அப்படியே பொருத்திக்கொள்ளுங்கள்.

## எதையும் திருத்தும் முன்: பதில் சொன்னது யார்?

404 (பக்கம் இல்லை) வந்ததும், பாதைகளை எழுதும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்து மாற்ற ஆரம்பிப்பதுதான் அதிக நேரத்தைத் தின்னும் பழக்கம். உலாவிக்கும் உங்கள் சர்வ்லெட்டுக்கும் நடுவே என்ஜின்எக்ஸ் (வாசலில் நிற்கும் முன்சர்வர்), டாம்கேட், செயலி, ஃபில்டர் (சர்வ்லெட்டுக்கு முன் கோரிக்கையைச் சோதிக்கும் வகுப்பு) என்று நாலு பேர் நிற்கிறார்கள். கொண்டோமினிய வாசலில் காவலாளி திருப்பி அனுப்பினாலும் சரி, 14ஆவது மாடியில் வீட்டுக்காரர் கதவைத் திறக்காவிட்டாலும் சரி, வந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுக்கு அப்படி இல்லை.

முதலில் சர்வருக்குள் நுழைந்து, டாம்கேட்டை நேராகத் தொடும் 127.0.0.1:8080/கடை/ஆர்டர் என்ற முகவரியை கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி கொண்டு அழையுங்கள். தலைப்பு வரிகளும் தெரியும்படி, சிறிய ஐ கொடியுடன். பெரிய ஐ போட்டால் அது பக்கத்தைக் கேட்கும் கெட் அல்ல, தலைப்பை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கை. அது வேறு பதிலைத் தரலாம். பிறகு இதையே வெளி முகவரியில் செய்து, இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து டாம்கேட்டின் லாக்ஸ் அடைவில் உள்ள அணுக்கப் பதிவை (ஆக்சஸ் லாக்) திறக்கவும். உங்கள் கோரிக்கைக்கு ஒரு வரி விழுந்திருந்தால் அது டாம்கேட் வரை வந்துவிட்டது. வரி இல்லையென்றால் பிழை வெளியே. இதில் இரண்டு ஏமாற்றங்கள் உண்டு. பதிவு இடையகத்தில் தேங்கி எழுதப்படுவதால் வரி சில நொடி தாமதமாக வரும். இன்னொன்று நேரம்: கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும், மலேசிய நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால். வாடிக்கையாளர் காலை 9:15க்கு என்று புகார் சொன்னால் பதிவில் 1:15ஐத் தேட வேண்டும்.

## அறிகுறி: 404

### 8080இல் வேலை செய்கிறது, வெளி முகவரியில் மட்டும் 404

பிழைப் பக்கத்தின் அடியில் டாம்கேட் பெயர் இல்லாமல் என்ஜின்எக்ஸ் என்று இருந்தால், அந்தப் பாதைக்கு அதன் அமைப்பில் லொகேஷன் பகுதியே இல்லை, அல்லது கோரிக்கை வேறொரு லொகேஷனில் போய் விழுகிறது. டாம்கேட் பெயரே இருந்தால் கிட்டத்தட்ட எப்போதும் சாய்கோடுதான் காரணம்.

லொகேஷன் /கடை/ என்று எழுதி, கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று சொல்லும் ப்ராக்ஸி-பாஸ் வரியில் 127.0.0.1:8080 என்று நிறுத்தினால் முழுப் பாதையும் அப்படியே டாம்கேட்டுக்குப் போகும். அதே வரியின் முடிவில் ஒரே ஒரு சாய்கோடு கூடிவிட்டால், /கடை/ என்ற பகுதி வெட்டப்பட்டு டாம்கேட்டுக்கு /ஆர்டர் மட்டும் போய்ச் சேரும். அங்கே அந்தப் பெயரில் செயலி இல்லாததால் கோரிக்கை, அடிப்பாதை இல்லாத ரூட் செயலியிடம் விழுந்து 404 ஆகிறது. அணுக்கப் பதிவில் /கடை இல்லாத பாதை தெரிந்தால் இதுதான் என்று உறுதியாகும். திருத்திய பின் என்ஜின்எக்ஸின் டி கொடியால் அமைப்பைச் சோதித்துவிட்டு, மறுஏற்றம் செய்யுங்கள், மறுதொடக்கம் தேவையில்லை.

என்ஜின்எக்ஸ் அமைப்பு உங்கள் கையில் இல்லை, ஹோஸ்டிங் கம்பெனியிடம் இருக்கிறது என்றால் இங்கேயே நிறுத்துங்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று எடுத்த இரண்டு கர்ல் பதில்களையும் அவர்களுக்கு அனுப்பினால் போதும். அவர்கள் சாய்கோட்டை ஈடுகட்ட உங்கள் பாதையை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்று அது வேலை செய்யும். அடுத்த சர்வர் மாற்றத்தில் மறுபடி உடையும்.

### 8080இலும் 404, செயலியின் எந்தப் பக்கமும் வரவில்லை

முதலில் பெயர். செயலியின் அடிப்பாதை வார் கோப்பின் பெயரிலிருந்துதான் வருகிறது. வாரைக் கட்டும் கருவியான மேவன் தன்னிச்சையாகப் பதிப்பு எண்ணை ஒட்டி, ‘கடை-1.2’ என்று கோப்பை உருவாக்கும். அப்படியே வெப்ஆப்ஸ் அடைவில் போட்டால் முகவரி /கடை-1.2 ஆகிவிடும். மேவனின் அமைப்பான பாம் கோப்பில் ஃபைனல்நேம் கொடுத்தால் தீர்ந்தது. ரோமன் எழுத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு முக்கியம்; அடிப்பாதையே இல்லாமல் ஓட வேண்டிய செயலிக்கு ரூட் என்பதை நான்கும் பெரிய எழுத்தாக எழுத வேண்டும். கோப்புப் பெயரில் ஒற்றை # இருந்தால் அது பாதையில் சாய்கோடாக மாறும், இரட்டை ## என்றால் அதற்குப் பின்னால் வருவது பதிப்பு எண். ஸ்ப்ரிங் பூட் என்ற ஜாவாச் சட்டகத்தில் எழுதிய செயலியை வாராகக் கட்டி வெளி டாம்கேட்டில் போட்டவர்கள் கவனிக்க: அமைப்புக் கோப்பில் நீங்கள் எழுதிய கான்டெக்ஸ்ட்-பாத் அங்கே செல்லாது. கோப்புப் பெயர்தான் செல்லும்.

பெயர் சரி என்றால் செயலி எழும்பவே இல்லை. டாம்கேட்டின் கேட்டலினா பதிவில் ‘முந்தைய பிழைகளால் தொடக்கம் தோல்வி’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், காரணம் அங்கே பெரும்பாலும் இருக்காது. லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கும் அன்றைய தேதிப் பதிவையும் திறந்து பாருங்கள். பாதை அமைப்பால் முழுச் செயலியும் படுத்துவிடுவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றால்:

- பாதையை எழுதும் யூஆர்எல்-பேட்டர்ன் சாய்கோட்டிலும் தொடங்கவில்லை, *.டூ போன்ற கோப்பு நீட்சியும் அல்ல. ‘ஆர்டர்’ என்று எழுதியிருப்பீர்கள். ‘/ஆர்டர்’ என்று வேண்டும்.
- ஒரே பாதையை இரண்டு சர்வ்லெட்டுக்குக் கொடுத்துவிட்டீர்கள். பழைய வகுப்பை நகலெடுத்துப் புதியது எழுதும்போது வகுப்பின் மேலே பாதையைச் சொல்லும் வெப்சர்வ்லெட் குறிப்பை மாற்ற மறப்பதால் வருவது. பிழைச் செய்தியிலேயே இரண்டு பெயரும் இருக்கும்.
- /ஆர்டர்/*.டூ என்பது போல முன்னொட்டையும் நீட்சியையும் கலந்திருக்கிறீர்கள். அப்படி ஒரு வகையே கிடையாது.
- வெப்.எக்ஸ்எம்எல்லில் சர்வ்லெட்-மேப்பிங் பகுதியில் உள்ள பெயர், சர்வ்லெட் பகுதியில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை.

ஒரு சர்வ்லெட்டின் எழுத்துப் பிழை மொத்தக் கடையையும் மூடிவிடும் என்பதால், இதை நேரடிச் சர்வரில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கும் நிலை வேண்டாம். உங்கள் கணினியில் அதே டாம்கேட் பதிப்பில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

### மற்ற பக்கங்கள் வருகின்றன, ஒரு சர்வ்லெட் மட்டும் 404

மலிவான காரணங்களிலிருந்து தொடங்குவோம். /ஆர்டர் என்று துல்லியமாகக் கொடுத்த பாதை, /ஆர்டர்/ என்ற கோரிக்கைக்குப் பொருந்தாது. /ஆர்டர்/* என்று கொடுத்தால் /ஆர்டர், /ஆர்டர்/, /ஆர்டர்/25 மூன்றுமே பொருந்தும். ஸ்ப்ரிங் கன்ட்ரோலர்களில் இது இன்னொரு வடிவில் வரும்: ஸ்ப்ரிங் 6, ஸ்ப்ரிங் பூட் 3 முதல் கடைசிச் சாய்கோட்டைக் கண்டுகொள்ளாமல் விடும் சலுகை இயல்பாக இல்லை. பதிப்பு உயர்த்திய மறுநாள் பாதி இணைப்புகள் செத்துப் போனால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

/ஆர்டர்* என்று எழுதியவர்களும் உண்டு. டாம்கேட் இதைத் தடுக்காது, பதிவில் ‘சந்தேகத்துக்குரிய பாதை’ என்று முணுமுணுத்துவிட்டு, நட்சத்திரத்தையும் ஓர் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். சாய்கோட்டில் தொடங்கும் பாதையில், நட்சத்திரத்துக்கு முன் சாய்கோடு இல்லையென்றால் அது நட்சத்திரம் மட்டுமே.

அதுவும் இல்லையா? வெப்சர்வ்லெட் குறிப்பு வாசிக்கப்படுகிறதா என்று பாருங்கள். வெப்.எக்ஸ்எம்எல்லின் தொடக்க வெப்-ஆப் குறியில் மெட்டாடேட்டா-கம்ப்ளீட் என்பது ‘ட்ரூ’ என்று இருந்தால், வகுப்புகளில் உள்ள வெப்சர்வ்லெட் குறிப்பு எதையும் டாம்கேட் பார்க்காது. ஸ்ப்ரிங் பூட்டின் உள்ளமைந்த டாம்கேட்டில் சர்வ்லெட்காம்பொனன்ட்ஸ்கேன் குறிப்பு இல்லாவிட்டாலும் அதே கதி. இரண்டிலும் பிழைச் செய்தி எதுவும் வராது. ஒரே சர்வ்லெட் பெயருக்கு வெப்.எக்ஸ்எம்எல்லிலும் பாதை, வகுப்பிலும் பாதை என்றால் வெப்.எக்ஸ்எம்எல் சொல்வதுதான் நிற்கும். வகுப்பில் எழுதிய பாதை காணாமல் போகும்.

வார் கோப்பைப் பிரித்துப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை: வெப்-இன்ஃப் அடைவின் கீழ் கிளாசஸ் அடைவில் உங்கள் வகுப்பு இருக்கிறதா? அடைவின் பெயரில் நடுக்கோடு அடிக்கோடாக மாறியிருக்கிறதா?

கடைசியாக, செலவு பிடிக்கும் காரணம். சர்வ்லெட் நூலகத்தின் பொதிப் பெயர் டாம்கேட் 9 வரை ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட்; டாம்கேட் 10 முதல் ஜகார்த்தா.சர்வ்லெட். பழைய வாரை புதிய டாம்கேட்டில் போட்டால், வகுப்பில் உள்ள குறிப்பு டாம்கேட்டுக்கு அடையாளமே தெரியாது. பாதை பதிவாகாது, பதிவேட்டில் குறையும் இருக்காது, 404 மட்டும் வரும். வெப்.எக்ஸ்எம்எல் வழியாகப் பாதை கொடுத்திருந்தால் 404க்குப் பதில், ஜாவாஎக்ஸ் வகுப்பைக் காணோம் என்றோ ‘இது சர்வ்லெட் அல்ல’ என்றோ 500 (சர்வர் உள்பிழை) வரும். வழிகள், எளிதிலிருந்து:

1. டாம்கேட் 9க்கே திரும்புவது. அவசரத்துக்கு இதுதான்.
2. வாரை வெப்ஆப்ஸ் அடைவில் போடாமல் வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்ற அடைவை உருவாக்கி அதில் போடுவது. டாம்கேட் 10 அதைத் தானே மாற்றி எடுத்துக்கொள்ளும்.
3. மூலநிரலை மாற்றுவது. உங்கள் நிரலில் இறக்குமதி வரிகளை மாற்றுவது அரை நாள் வேலை, பயன்படுத்தும் நூலகங்கள்தான் பிரச்சினை. ஸ்ப்ரிங் 5 ஜாவாஎக்ஸைச் சேர்ந்தது. ஸ்ப்ரிங் 6க்குப் போக ஜாவா 17 வேண்டும்.

மூன்றாவது வழிக்கு, ஏற்கெனவே இப்படி ஒரு மாற்றத்தைச் செய்துமுடித்த ஒருவரைக் கூப்பிடுங்கள். பாதை சரிசெய்யும் வேலை என்று தொடங்கி நூலக மாற்றத்தில் முடியும் வேலைக்கு முன்கூட்டியே விலை பேசிவிடுவது நல்லது.

### முதல் தடவை 500, அப்புறம் 404

இது பலரைக் குழப்பும். வெப்.எக்ஸ்எம்எல்லில் சர்வ்லெட்-கிளாஸ் பெயர் தவறு என்றால், டாம்கேட் அதைத் தொடக்கத்தில் பார்க்காது. முதல் கோரிக்கை வரும்போதுதான் வகுப்பைத் தேடும். கிடைக்காமல் 500 தரும். அதன் பின் அந்தச் சர்வ்லெட்டை ‘இனி இல்லை’ என்று குறித்துக்கொண்டு 404ஆகவே தரும். நீங்கள் பார்ப்பதற்குள் யாரோ ஒருவர் முதல் 500ஐ வாங்கிக்கொண்டு போயிருப்பார். பாதையை நோண்டாமல், பதிவில் மேலே போய் அந்த முதல் பிழையைத் தேடுங்கள். லோட்-ஆன்-ஸ்டார்ட்அப் 1 என்று கொடுத்துவிட்டால் அடுத்த முறை ஏற்றும்போதே தெரிந்துவிடும்.

## அறிகுறி: 405 (இந்தக் கோரிக்கை முறைக்கு அனுமதி இல்லை)

நல்ல செய்தி. பாதை சரியாகவே பிடித்திருக்கிறது. கெட்டுக்குப் பதில் தரும் டூகெட் அல்லது போஸ்ட்டுக்குப் பதில் தரும் டூபோஸ்ட் எழுதப்படவில்லை, அல்லது எழுதியதற்குள் சூப்பர்.டூகெட் என்ற வரி மீந்திருக்கிறது (நிரலாக்கக் கருவி தானாகப் போட்டுக் கொடுக்கும் வரி அது, நீக்கிவிடுங்கள்). புட், டிலீட் கோரிக்கையை ஒரு ஜேஎஸ்பி (ஜாவா கலந்த வலைப்பக்க வார்ப்பு) பக்கத்துக்கு முன்னனுப்பினாலும் 405தான்; ஜேஎஸ்பி கெட், போஸ்ட், ஹெட் மூன்றையே ஏற்கும்.

## அறிகுறி: பக்கம் வருகிறது, படமும் அலங்காரமும் வரவில்லை

சர்வ்லெட்டை / என்ற பாதைக்கோ /* என்ற பாதைக்கோ கட்டியிருக்கிறீர்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் நடத்தை வேறு.

டாம்கேட் பாதையைத் தேடும் வரிசை இது: முதலில் துல்லியப் பொருத்தம், பிறகு மிக நீளமான முன்னொட்டு, பிறகு *.டூ போன்ற நீட்சி, எதுவும் கிடைக்காவிட்டால் /. ஆகவே /* என்பது முன்னொட்டு வகை, *.ஜேஎஸ்பியையும் அது முந்திக்கொள்ளும். / என்பது வரிசையின் கடைசி ஆள்.

/* போட்டிருந்தால் சர்வ்லெட்டிலிருந்து ஜேஎஸ்பிக்கு முன்னனுப்பும் கோரிக்கையும் திரும்ப அதே சர்வ்லெட்டுக்கு வரும், அது மறுபடி முன்னனுப்பும், கடைசியில் ஸ்டாக்ஓவர்ஃப்ளோ பிழை. பதிவில் ஒரே வரி நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் இதுவே. / என்று மாற்றுங்கள். சர்வ்லெட்டுக்கு /* தேவைப்படும் இடம் அரிது. அது ஃபில்டருக்கு உரிய பாதை.

/ போட்டிருந்தால் ஜேஎஸ்பி வரும். ஆனால் படம், சிஎஸ்எஸ் போன்ற நிலைக்கோப்புகளைப் பரிமாறும் டாம்கேட்டின் ‘டிஃபால்ட்’ சர்வ்லெட்டின் இடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். வெப்.எக்ஸ்எம்எல்லில் டிஃபால்ட் என்ற பெயருக்கு /ஸ்டாட்டிக்/* என்றோ *.சிஎஸ்எஸ், *.பிஎன்ஜி என்றோ ஒரு மேப்பிங் எழுதுங்கள். அந்தச் சர்வ்லெட்டை நீங்கள் அறிவிக்க வேண்டியதில்லை. டாம்கேட்டின் சொந்த அமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டுமே போடவில்லை என்றால் பக்கத்தின் மூலத்தில் சிஎஸ்எஸ் இணைப்பைப் பாருங்கள். சார்பு முகவரியாக எழுதியிருந்தால் /ஆர்டரில் சரியாக வரும், /ஆர்டர்/25இல் ஒரு படி தள்ளித் தேடும். கான்டெக்ஸ்ட் பாதையை முன்னால் ஒட்டி எழுதினால் எந்த ஆழத்திலும் நிற்கும்.

## அறிகுறி: வேறு சர்வ்லெட் பதில் சொல்கிறது

மேலே உள்ள வரிசையே விடை. *.டூ ஒரு சர்வ்லெட்டுக்கும் /பொருள்/* இன்னொன்றுக்கும் இருந்தால், /பொருள்/பட்டியல்.டூ எப்போதும் இரண்டாவதுக்கே போகும். வெப்.எக்ஸ்எம்எல்லில் மேலே கீழே நகர்த்திப் பயனில்லை. சர்வ்லெட் மேப்பிங்கில் எழுதிய வரிசைக்கு மதிப்பே கிடையாது. ஃபில்டருக்குத்தான் அது உண்டு. டாம்கேட் 9 முதல் கெட்ஹெச்டிடிபிசர்வ்லெட்மேப்பிங் என்ற அழைப்பு இருக்கிறது: எந்தச் சர்வ்லெட், எந்த விதியால் பொருந்தியது என்று சொல்லிவிடும். இரண்டு வரி எழுதிப் பதிவில் விட்டுப் பாருங்கள், ஊகம் தேவைப்படாது.

## அறிகுறி: 200 (வெற்றி), ஆனால் வெள்ளைப் பக்கம்

ஃபில்டர் ஒன்று, கோரிக்கையை அடுத்தவருக்குக் கடத்தும் செயின்.டூஃபில்டரை அழைக்காமல் திரும்பிவிடுகிறது. பெரும்பாலும் ஒரு நிபந்தனைக் கிளைக்குள் மட்டும் அந்த வரி இருக்கும், மறுகிளை வெறுமையாக இருக்கும். ஃபில்டர்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பாருங்கள். யூஆர்எல் பாதைக்குக் கட்டியவை முதலில், வெப்.எக்ஸ்எம்எல்லில் எழுதிய வரிசைப்படி ஓடும். சர்வ்லெட் பெயருக்குக் கட்டியவை அதற்குப் பிறகு.

## அறிகுறி: பணம் கட்டியாச்சு, ஆர்டர் இன்னும் ‘நிலுவை’

வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, கடையில் ஆர்டர் அசையவில்லை. இங்கே பிழைக்கு விலை உண்டு என்பதால் மெதுவாகப் பாருங்கள்.

எஃப்பிஎக்ஸ் (மலேசியாவின் இணைய வங்கிக் கட்டண முறை) போன்ற வழியில் பணம் வாங்கும்போது பதில் இரண்டு பாதையில் வரும்: வாடிக்கையாளரின் உலாவி வழியாக ஒன்று, கட்டண வாயிலின் சர்வரிலிருந்து நேராக உங்கள் /பாயாரான் முகவரிக்குப் போஸ்ட்டாக இன்னொன்று. உலாவியில் எல்லாம் நன்றாகத் தெரிந்தாலும் இரண்டாவது விழுந்திருக்கலாம். அணுக்கப் பதிவில் /பாயாரான் போஸ்ட் வரியைத் தேடி, அதன் நிலைக் குறியைப் படியுங்கள்.

302 (தற்காலிகத் திருப்பல்) என்றால் உங்கள் நுழைவுச் சோதனை ஃபில்டர் /*இல் உட்கார்ந்து, கட்டண வாயிலின் சர்வரை உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்புகிறது. அந்த ஒரு பாதைக்கு மட்டும் விலக்கு கொடுங்கள், துல்லியமான பாதையாக. /பாயாரான்/* என்று மொத்தமாகத் திறந்துவிட்டால் அதன் கீழ் உள்ள திரும்பக்கொடுத்தல் பக்கங்களும் திறந்துகொள்ளும். விலக்கு கொடுத்த பாதையில், வந்த செய்தியின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் நிரல் கட்டாயம் ஓட வேண்டும்.

403 (அனுமதி மறுப்பு) என்றால், வெளித் தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பு. 404 என்றால் மேலே சொன்னவை. டாம்கேட்டில் வரியே இல்லாமல் என்ஜின்எக்ஸ் பதிவில் 301 (நிரந்தரத் திருப்பல்) இருந்தால், வாயிலில் பதிந்த முகவரி ஹெச்டிடிபி என்று தொடங்குகிறது. நீங்கள் அதை ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்புகிறீர்கள். திருப்பலில் போஸ்ட் கெட்டாக மாறலாம், அல்லது எதிர்ச் சர்வர் திருப்பலைப் பின்தொடராமலே போகலாம். இரண்டிலும் வரியே இல்லையென்றால், பதிந்துள்ள முகவரியே பழையது.

பதிந்த முகவரியை மாற்றுவது உங்கள் வேலை அல்ல. கட்டண வாயிலின் தொழில்நுட்பப் பிரிவை அழையுங்கள். அதுவரை பழைய பாதையையும் புதியதையும் ஒரே சர்வ்லெட்டுக்குக் கட்டி வையுங்கள். ஒரு சர்வ்லெட்டுக்கு எத்தனை பாதையும் கொடுக்கலாம். தேங்கிய ஆர்டர்களைத் தரவுத்தளத்தில் கையால் ‘கட்டியது’ என்று மாற்றுவதற்கு முன், வாயிலின் அறிக்கையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

## அறிகுறி: உள்நுழைந்ததும் மறுபடி உள்நுழையச் சொல்கிறது

டாம்கேட்டில் செயலி /கடை, வெளியே என்ஜின்எக்ஸ் அதை / என்று காட்டுகிறது. உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் அமர்வுக் குக்கியின் பாதை /கடை என்று போடப்படுவதால், உலாவி அதை /ஆர்டருக்குத் திருப்பி அனுப்பாது. ஒவ்வொரு கோரிக்கையும் புது அமர்வு. உலாவியின் டெவலப்பர் கருவியில் குக்கியின் பாதைப் பத்தியைப் பார்த்தால் தெரிந்துவிடும். உள்ளும் புறமும் ஒரே பாதையாக வைப்பது சிறந்த தீர்வு: வாரை ரூட் என்று பெயர் மாற்றுங்கள். முடியாவிட்டால் என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி-குக்கி-பாத் வரி, அல்லது டாம்கேட்டின் கான்டெக்ஸ்ட் அமைப்பில் செஷன்குக்கிபாத்தை / என்று வைப்பது. ஒரே டாம்கேட்டில் இரண்டு செயலிகள் ஒரே முகவரியின் கீழ் ஓடினால் இந்தக் கடைசி வழியைத் தொடாதீர்கள். ஒன்றின் குக்கி மற்றதை மிதிக்கும்.

## அறிகுறி: பாதையில் தமிழ்ப் பெயர் சிதைந்து வருகிறது

/பொருள்/முறுக்கு என்று தமிழிலேயே முகவரி வைப்பவர்களுக்கு. உலாவி ஒவ்வொரு தமிழ்க் குறியையும் யூடிஎஃப்-8இல் 3 பைட்டாக்கி, சதவீதக் குறியோடு 9 எழுத்தாக அனுப்பும். சர்வ்லெட்டில் கெட்ரிக்வெஸ்ட்யூஆர்ஐ என்ற அழைப்பு அதை அவிழ்க்காமல் அப்படியே தரும். கெட்பாத்இன்ஃபோ அவிழ்த்துத் தரும். பெயரை இரண்டாவதிலிருந்து எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். கேள்விக்குறிகளும் விசித்திர லத்தீன் எழுத்துகளும் வந்தால் டாம்கேட் பதிப்பைப் பாருங்கள்: 7 வரை முகவரியின் இயல்பு குறியாக்கம் ஐஎஸ்ஓ-8859-1; 8 முதல் யூடிஎஃப்-8. பழைய பதிப்பில் சர்வர்.எக்ஸ்எம்எல்லின் கனெக்டர் வரியில் யூஆர்ஐஎன்கோடிங்கைச் சேர்க்க வேண்டும். அதன் பின்னும் பொருந்தாத சில பெயர்கள் இருந்தால் அவற்றில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகத் தட்டச்சான ‘ஒ’கர, ‘ஓ’கர எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்ணுக்கு ஒன்று, பைட்டில் வேறு. ஜாவாவின் நார்மலைசர் கொண்டு என்எஃப்சி எனும் ஒன்றுசேர்த்த யூனிகோட் வடிவுக்கு மாற்றிய பிறகே தரவுத்தளத்தில் தேடுங்கள்; சேமிக்கும்போதும் அதே வடிவில் சேமியுங்கள்.